சின்னசேலம் அலமாரியில் ஒரு வர்த்தகப் போர்

சின்னசேலத்தில் நான் நடத்தும் விதைக்கடையின் இடப்பக்க அலமாரி முழுக்க மக்காச்சோளம்தான். மேல் தட்டில் பயனீர். அதை விற்பது கார்டேவா என்ற அமெரிக்க நிறுவனம். அடுத்த தட்டில் டீகால்ப். மான்சான்டோவிடம் இருந்த பெயர் அது. 2018இல் மான்சான்டோவையே ஜெர்மனியின் பேயர் வாங்கிக்கொண்டது. மூன்றாவது தட்டில் சின்ஜெண்டா. தலைமையகம் சுவிட்சர்லாந்து, சொந்தக்காரர் சீன அரசு. கெம்சைனா என்ற சீன அரசு நிறுவனம் 2017இல் 43 பில்லியன் டாலர் கொடுத்து அதை வாங்கியது. அதற்குக் கீழே தாய்லாந்தின் சி.பி. தரையை ஒட்டிய தட்டில் ஹைதராபாத் கம்பெனிகள். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ.எச்.எம்.6 கேட்டு வருபவர் அபூர்வம்; கேட்கும் நேரத்தில் என்னிடம் இருப்பது அதைவிட அபூர்வம்.

அமெரிக்காவும் சீனாவும் வரி போட்டுக்கொண்டு சண்டை பிடிக்கும் செய்தி தொலைக்காட்சியில் ஓடும்போதெல்லாம் என் மாமனார் அந்த அலமாரியைத்தான் பார்ப்பார். உரக்கடையாக இதை ஆரம்பித்தவர் அவர். உட்காரும் இடம் இன்றும் கல்லாப்பெட்டி பக்கம்தான். "ரெண்டு பேரும் நம்ம கடையில பக்கத்துப் பக்கத்துல சமர்த்தா உக்காந்திருக்கான் பாரும்மா" என்பார். "சமர்த்தா இல்ல மாமா, ஒருத்தன் இடத்த ஒருத்தன் எப்பப் பிடிக்கலாம்னுதான் உக்காந்திருக்கான்" என்பேன்.

அந்தச் சண்டை ஏன், அதில் ஒரு கள்ளக்குறிச்சி மாவட்டத்துச் சோளக்காட்டுக்கு என்ன வேலை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் பொருளாதாரம் படித்தவள் இல்லை. விதை, உரம், மருந்து விற்கிறவர்களுக்கென்று அரசு நடத்தும் டேசி பட்டயப் படிப்பை முடித்தவள். ஆனால் இந்தச் சண்டையில் பாதி விதை பற்றியது. அதனால் பேச எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு.

சட்டம் தடுக்கவில்லை, சோளம் தடுக்கிறது

கல்வராயன் மலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக இறங்கி வரும் வாடிக்கையாளர் ஒருவர் விதை எடுக்கும்போதெல்லாம் பையைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார். ஒருமுறை கேட்டார்: "ஏம்மா, போன வருசம் வெளஞ்சதுலயே நல்ல கதிரா பாத்து எடுத்து வெச்சு வெதைக்கக் கூடாதுன்னு சட்டமா?"

"சட்டம் தடுக்கலீங்க கவுண்டரே, சோளமே தடுக்குது" என்றேன்.

நாங்கள் விற்கும் மக்காச்சோளம் வீரிய ஒட்டு விதை. இரண்டு தூய வழிகளைத் தனித்தனியாகப் பல தலைமுறை வளர்த்து, ஒன்றின் மகரந்தத்தை மற்றதன் கதிரில் சேர்த்துக் கிடைப்பது. தனியாகப் பார்த்தால் அப்பாவும் அம்மாவும் குட்டையாக, சோனியாக இருக்கும். இரண்டும் சேர்ந்து பிறக்கும் பயிர் மட்டும் ஆளுயரத்துக்கு மேல் எழுந்து, காடு முழுக்க ஒரே உயரம், ஒரே கதிர், ஒரே அறுவடை நாள் என்று நிற்கும். அந்த வீரியம் ஒரு தலைமுறைக்குத்தான். விளைந்ததை எடுத்து மறுபடி விதைத்தால் ஒரு செடி நெட்டை, ஒன்று குட்டை, ஒன்றில் கதிரே இல்லை என்று காடு கலைந்துவிடும். அதனால்தான் ஒவ்வோர் ஆடியிலும் கடைக்கு வரவேண்டியிருக்கிறது.

விற்பனைக்கு வரும் விதையில் பெரும்பங்கு ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் ஒப்பந்த விவசாயிகளின் நிலத்தில் விளைகிறது. அங்கே சில வரிசை பெண், ஒரு வரிசை ஆண் என்று நடுவார்கள். பெண் வரிசையில் பூக்கொண்டை விரியும் முன்னே ஆள் விட்டுக் கையால் உருவிப் போடுவார்கள். வேலை நம் ஊர் வேலை, வெயிலும் நம் ஊர் வெயில். அந்த ஆணும் பெண்ணும் எந்த வழி என்பது மட்டும் கம்பெனியின் ரகசியம். அந்த ரகசியத்தின் பெயர்தான் அறிவுசார் சொத்து.

அதன் விலையை என் கல்லாவிலேயே காட்டலாம். ஏக்கருக்கு 8 கிலோ விதை. நல்ல கம்பெனி விதை கிலோ 400 ரூபாய்ப் பக்கம் போகிறது. அதே காட்டில் விளைந்த சோளத்தைக் கமிட்டிக்கு, அதாவது ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குக் கொண்டுபோனால் கிலோ 20 ரூபாயில் தொடங்கி, ஈரப்பதத்தைப் பார்த்து, 24 ரூபாய் வரைக்கும் கிடைக்கும். ஒரு கிலோ விதை வாங்க 17 முதல் 20 கிலோ வரை சோளம் விற்றாக வேண்டும். இரண்டும் சோளம்தான். இடையில் இருக்கிற வித்தியாசம் யாருக்கோ தெரிந்த, நமக்குத் தெரியாத ஒரு விஷயத்துக்கான கூலி.

அது அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன். மழை கைகொடுத்தால் ஏக்கருக்கு 25 மூட்டை எடுக்கிறார்கள். அதில் விதைச் செலவு சிறு பங்குதான். விலை எவ்வளவு என்பதை விட, அடுத்த வருடம் அந்த விலையை யார் சொல்வார்கள் என்பதே எனக்குக் கேள்வியாக இருக்கிறது.

அயோவா வயலில் மண்டியிட்டிருந்தவர்

2011 மே மாதம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டாமா என்ற ஊர்ப் பக்கம், அப்போதுதான் விதைத்திருந்த வயலில் ஒருவர் மண்டியிட்டு மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்ததைப் பயனீர் கம்பெனியின் வயல் மேலாளர் பார்த்தார். வயலில் ஊன்றியிருந்தது சாதாரணச் சோளம் இல்லை. நான் மேலே சொன்ன அப்பா அம்மா வழி. தோண்டியவர் பெயர் மோ ஹைலோங். பெய்ஜிங்கில் உள்ள தபெய்நோங் குழுமத்தின் ஊழியர். அடுத்த ஆண்டு, அமெரிக்காவை விட்டுக் கிளம்பிய அவருடைய கூட்டாளிகளின் பெட்டிகளில் பாப்கார்ன் டப்பாக்களுக்குள்ளும் கைதுடைக்கும் தாளுக்குள்ளும் மறைத்திருந்த விதைகள் சிக்கின. ஒரு தூய வழியை உருவாக்க ஐந்து முதல் எட்டு ஆண்டு ஆராய்ச்சியும் குறைந்தது 30 மில்லியன் டாலரும் ஆகும் என்றது அமெரிக்க அரசுத் தரப்பு. 2016 ஜனவரியில் மோ குற்றத்தை ஒப்புக்கொண்டார். அக்டோபரில் மூன்று ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

ஒரு பிடி விதைக்கா மூன்று வருடச் சிறை என்று நமக்குத் தோன்றும். அந்த ஒரு பிடியில்தான் கம்பெனியின் உயிரே இருக்கிறது. தூய வழி கையில் இருந்தால் யார் வேண்டுமானாலும் அதே ஒட்டு விதையை அச்சு அசலாகப் பண்ணிவிடலாம்.

இந்த வழக்கு தனித்து நிற்கவில்லை. 2017 ஆகஸ்டில் அமெரிக்கா தன் 1974ஆம் ஆண்டு வர்த்தகச் சட்டத்தின் 301ஆம் பிரிவின்கீழ் சீனாமீது விசாரணை தொடங்கியது. 2018 மார்ச்சில் வந்த அறிக்கையின் சாரம் இது: சீனாவில் தொழில் நடத்த வரும் வெளிநாட்டுக் கம்பெனிகளைக் கூட்டுத் தொழில் என்ற பெயரில் தொழில்நுட்பத்தை ஒப்படைக்க வைக்கிறார்கள், உரிம ஒப்பந்தங்களில் பாரபட்சம் காட்டுகிறார்கள், இணையவழியில் ஊடுருவித் திருடுகிறார்கள், அரசுப் பணத்தைக் கொண்டு வெளிநாட்டுத் தொழில்நுட்பக் கம்பெனிகளை வாங்கிக் குவிக்கிறார்கள். சீனா இவற்றை மறுத்தது. அமெரிக்கா அந்த ஆண்டு ஜூலை 6ஆம் தேதி 34 பில்லியன் டாலர் மதிப்புள்ள சீனச் சரக்குக்கு 25 சதவீத வரி போட்டது. அதே நாளில் சீனாவும் பதிலுக்குப் போட்டது. இன்றுவரை ஓயாத வர்த்தகப் போர் அப்படித்தான் மூண்டது.

தபெய்நோங் ஒரு தனியார் குழுமம். கெம்சைனா அரசு நிறுவனம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பக்கூடாது. ஆனால் நாட்டின் தேவை ஒன்றுதான்: பெரிய மக்கள்தொகை, நல்ல விதை வேண்டும், அதன் ரகசியம் அடுத்தவனிடம். ஒருவர் வயலைத் தோண்டிப் பார்த்தார். இன்னொருவர் கடையோடு விலை பேசி முடித்துவிட்டார். முன்னது குற்றம், பின்னது வியாபாரம்.

பற்றாக்குறைக் கணக்கில் காணாமல் போவது

வர்த்தகப் பற்றாக்குறை என்றால், ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு விற்றதைவிட அதனிடம் வாங்கியது அதிகம். 2024இல் சீனாவுடனான சரக்கு வர்த்தகத்தில் அமெரிக்காவுக்கு ஏறத்தாழ 295 பில்லியன் டாலர் பற்றாக்குறை. இந்தியாவுடன் ஏறத்தாழ 46 பில்லியன். நமக்கும் பற்றாக்குறை உண்டு, அதுவும் சீனாவுடன்: 2024-25 நிதியாண்டில் 99 பில்லியன் டாலர்.

பற்றாக்குறை என்றாலே நஷ்டம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. விதைக் கம்பெனிக்கும் எனக்கும் நடுவில் எப்போதும் பற்றாக்குறைதான். நான் அவர்களிடம் வாங்குகிறேன், அவர்கள் என்னிடம் ஒரு சல்லிக்கும் வாங்குவதில்லை. அதனால் என் கடை மூழ்கிவிடவில்லை. வாங்கியதை விற்றுப் பிழைக்கிறேன். இரண்டு பேருக்கு நடுவில் இருக்கும் கணக்கை மட்டும் பார்த்து யார் ஏமாந்தார் என்று சொல்ல முடியாது.

அதோடு, வாஷிங்டனில் உரக்கப் பேசப்படும் இந்த எண்கள் சரக்குக்கு மட்டுமானவை. கப்பலில் ஏறாத வருமானம் அதில் இல்லை. காப்புரிமை, வணிகப் பெயர், மென்பொருள், திரைப்படம், விதையின் மரபுப் பண்பு என்று தன் அறிவுச் சொத்தைப் பிறர் பயன்படுத்துவதற்காக மட்டும் அமெரிக்காவுக்கு உலகம் ஆண்டுக்கு 100 பில்லியன் டாலருக்கு மேல் கட்டுகிறது. அமெரிக்கா சட்டையும் செல்போனும் வாங்குகிற நாடு. உரிமைத்தொகை வாங்குகிற நாடும் அதுதான். வரிச் சண்டையின் கடைசியில் அறிவுசார் சொத்துரிமை பற்றி ஒரு பக்கம் கட்டாயம் எழுதிவைப்பது அதனால்தான். 2020 ஜனவரி 15இல் அமெரிக்காவும் சீனாவும் கையெழுத்திட்ட முதற்கட்ட ஒப்பந்தத்தின் முதல் அத்தியாயமே அறிவுசார் சொத்து பற்றியது. சோயாவும் சோளமும் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

சோயாவுக்கும் வருகிறேன். 2018இல் அமெரிக்க சோயாவுக்குச் சீனா 25 சதவீதப் பதில் வரி போட்டதும் பிரேசில் அந்தச் சந்தைக்குள் புகுந்தது. தன் விவசாயிகளுக்கு நஷ்டஈடு கொடுக்க அமெரிக்க அரசு 28 பில்லியன் டாலர் வரை ஒதுக்க வேண்டியதாயிற்று. 2025இல் சண்டை மறுபடி முற்றியபோது சீனா பல மாதங்கள் அமெரிக்க சோயாவைத் தொடவே இல்லை. அதே ஆண்டு அமெரிக்காவில் மக்காச்சோளம் வரலாறு காணாத விளைச்சல். ஒரு வருடத்தில் இந்தியா முழுக்க விளைவதைப் போல அங்கே ஏறத்தாழ பத்து மடங்கு. விற்க இடம் தேடினார்கள். கண்ணில் பட்டது நாம்.

2025 செப்டம்பரில் அமெரிக்க வர்த்தக அமைச்சர் ஹோவர்ட் லட்னிக், 140 கோடி மக்கள் என்று பெருமை பேசும் இந்தியா எங்களிடம் ஒரு புஷல் சோளம்கூட வாங்கமாட்டேன் என்கிறதே என்று பேட்டியில் கேட்டார். ஒரு புஷல் என்பது 25 கிலோ சொச்சம், நம் கணக்கில் கால் மூட்டை. அந்தக் கால் மூட்டைக்காகத்தான் சின்னசேலம் கமிட்டியில் அந்த வாரம் விவாதம். அதற்கு முந்தைய மாதம்தான் நம் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டிருந்தது.

இந்தியா வாங்காததற்கு இரண்டு காரணம். ஒன்று வரி. குறிப்பிட்ட ஒதுக்கீடாக 5 லட்சம் டன்னுக்கு 15 சதவீதம். அதற்கு மேல் போனால் 50 சதவீதம். மற்றது, அமெரிக்க மக்காச்சோளத்தில் 90 சதவீதத்துக்கு மேல் மரபணு மாற்றப்பட்டது. இந்தியாவில் சாகுபடிக்கு அனுமதி பெற்ற ஒரே மரபணு மாற்றுப் பயிர் பருத்திதான், 2002இலிருந்து. வெளியிலிருந்து வரும் உணவுப் பயிர்களுக்கு 'மரபணு மாற்றப்படாதது' என்ற சான்று வேண்டும் என்பது 2021 மார்ச்சிலிருந்து விதி. 2024இல் எத்தனால் ஆலைகள் சோளத்தை அள்ளியதால் இங்கே தட்டுப்பாடு வந்தபோதுகூட மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும்தான் வரவழைத்தோம்.

இதில் எல்லோருக்கும் ஒரே நியாயம் என்று நான் எழுதினால் நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். நம் மக்காச்சோளத்தின் பெரிய வாடிக்கையாளர் அவர்கள்தான். சோளம் கிலோ 2 ரூபாய் ஏறினால் இங்கே சிரிப்பு, அங்கே முட்டைக் கணக்கு உதைக்கும். 2021 ஆகஸ்டில் சோயாப் புண்ணாக்கு விலை எகிறியபோது, மரபணு மாற்று சோயாவில் எடுத்த புண்ணாக்கு 12 லட்சம் டன் இறக்குமதிக்கு மத்திய அரசு அனுமதி கொடுத்ததும் கோழிக்காகத்தான். புண்ணாக்கு முளைக்காது என்பது அப்போது சொன்ன சமாதானம்.

அந்தச் சமாதானம் இப்போது மறுபடி உதவுகிறது. 2026 பிப்ரவரியில் வெளியான இந்திய அமெரிக்கக் கூட்டறிக்கையில், வரி குறைக்கும் அல்லது நீக்கும் வேளாண் பொருட்களில் டிடிஜிஎஸ் முதலில் இருந்தது. சோளத்திலிருந்து எத்தனால் எடுத்த பிறகு மிஞ்சும் சக்கை அது, தீவனத்துக்குப் போகும். சோளம் வரவில்லை, சோளத்தின் மிச்சம் வருகிறது. தீவனத் தொட்டியில் அது நிரப்புகிற இடம் யாருடைய சோளத்தின் இடம் என்று கமிட்டியில் கேட்டால் எல்லோருக்கும் பதில் தெரியும். அரசு நிர்ணயித்த ஆதரவு விலை 2025-26க்குக் குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். அந்த விலை எழுத்தில் இருக்கிறது. எங்கள் ஊரில் அதைக் கொடுத்து வாங்க ஆள் இல்லாத வாரங்களும் இருக்கின்றன.

வல்லரசிடம் 'வேண்டாம்' என்று சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு மெக்சிகோ இருக்கிறது. மக்காச்சோளம் பிறந்த மண் அது. ரொட்டிக்கும் மாவுக்கும் மரபணு மாற்றுச் சோளம் கூடாது என்று 2023இல் ஆணை போட்டார்கள். அமெரிக்கா வழக்காடியது. 2024 டிசம்பர் 20இல் வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தத்தின் தீர்ப்பாயம் அமெரிக்காவுக்குச் சாதகமாகச் சொன்னது. அந்தத் தடையைக் கைவிட்ட மெக்சிகோ, மரபணு மாற்றுச் சோளத்தை நிலத்தில் ஊன்றக் கூடாது என்று 2025இல் தன் அரசியல் சாசனத்திலேயே எழுதிவைத்தது. சரக்கை விட்டுக்கொடுத்தார்கள், விதையை விட்டுக்கொடுக்கவில்லை.

ஒன்று மட்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வரியும் சான்றும் இல்லாமல் நம் காட்டுக்கு வந்தது: படைப்புழு. ஆப்பிரிக்கா வழியாக 2018இல் இந்தியாவுக்குள் வந்து, அதே ஆண்டு தமிழ்நாட்டுச் சோளக் குருத்தில் உட்கார்ந்துவிட்டது.

காலாவதியான ஒரு காப்புரிமை

அந்தப் புழுவால் காப்புரிமை பற்றி ஒரு பாடம் கிடைத்தது. படைப்புழுவுக்கு எங்கள் பக்கம் பேர்போன மருந்து கோரஜன். குளோரான்ட்ரானிலிப்ரோல் என்பது உள்ளிருக்கும் மருந்தின் பெயர். டூபான்ட் கண்டுபிடித்தது, 2017இல் எஃப்.எம்.சி. என்ற அமெரிக்க நிறுவனத்திடம் போனது. இந்தியாவில் அதற்கிருந்த முக்கியக் காப்புரிமை 2022 ஆகஸ்ட் 13இல் முடிந்தது. செய்முறைக் காப்புரிமை எங்களிடம் இன்னும் இருக்கிறது என்று எஃப்.எம்.சி. டெல்லி உயர் நீதிமன்றத்தில் வாதாடியது. நாட்கோ என்ற ஹைதராபாத் நிறுவனம் எங்கள் செய்முறை வேறு என்றது. அந்தச் செப்டம்பரில் நாட்கோவுக்கு வழி திறந்தது. பின்னாலேயே மற்ற கம்பெனிகளும் அதே மருந்தைத் தங்கள் பெயரில் இறக்கின. விலை இறங்கியதை விவசாயிகள் என் பில்லில் பார்த்தார்கள்.

காப்புரிமை என்பது இவ்வளவுதான். கண்டுபிடித்தவருக்கு 20 ஆண்டு. அதற்குள் போட்டதை எடுத்துக்கொள். பிறகு ஊருக்கு விடு. இதில் எனக்குக் குறை இல்லை. அந்த மருந்தைக் கண்டுபிடிக்க ஆள் இல்லாவிட்டால் நம் குருத்தும் மிஞ்சியிருக்காது. குறை எங்கே என்றால், தூய வழியின் ரகசியத்துக்கு அந்த 20 ஆண்டுக் கெடு கிடையாது. பூட்டி வைத்திருக்கும்வரை அவர்களுடையது. தலைமுறை தாண்டிய பின்னும் அது ஊருக்கு வராது.

39ஆம் பிரிவு

அமெரிக்காவின் இண்டியானாவில் பௌமன் என்றொரு விவசாயி. தானியக் கிடங்கில் சாதாரண சோயாவை வாங்கி விதைத்தார், விளைந்ததிலிருந்து எடுத்து மறுபடி விதைத்தார். அதில் மான்சான்டோவின் காப்புரிமை பெற்ற பண்பு இருந்தது. 2013இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கட்டவேண்டிய தொகை 84,000 டாலருக்கு மேல்.

இந்தியாவில் அந்த வழக்கு நிற்காது. நம் காப்புரிமைச் சட்டம் செடிக்கும் விதைக்கும் பயிர் ரகத்துக்கும் காப்புரிமை கொடுப்பதில்லை. உலக வர்த்தக அமைப்பில் 1995இல் சேர்ந்ததால் ரகங்களுக்கு ஏதாவது ஒரு பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தாக வேண்டும் என்ற கட்டாயம் வந்தது. 2001இல் நாமே ஒன்றை எழுதிக்கொண்டோம்: பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைகள் சட்டம். ரகம் உருவாக்கியவருக்கு 15 ஆண்டு உரிமை தருகிறது. ஆனால் அதன் 39ஆம் பிரிவு, பதிவு பெற்ற ரகமாகவே இருந்தாலும் விவசாயி அந்த விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், மறுபடி விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம் என்கிறது. கம்பெனிப் பெயர் போட்டு விற்கக் கூடாது என்பது ஒன்றுதான் கட்டுப்பாடு.

இந்தப் பிரிவின் பலம் 2019இல் தெரிந்தது. சிப்ஸுக்கான எஃப்.எல்.2027 உருளைக்கிழங்கைத் தங்கள் அனுமதியில்லாமல் பயிரிட்டதாகக் குஜராத் விவசாயிகள் நான்கு பேர்மீது பெப்சிகோ தலைக்கு ஒரு கோடிக்கு மேல் கேட்டு வழக்குப் போட்டது. நாடு முழுக்க எதிர்ப்பு. மே மாதம் வழக்குகளைத் திரும்பப் பெற்றார்கள். அந்த ரகத்தின் பதிவையே 2021 டிசம்பரில், இந்தச் சட்டத்தின்கீழ் ரகங்களைப் பதியும் ஆணையம் ரத்து செய்தது. பதிவு ரத்தானது செல்லாது என்று 2024 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு சொன்னது. பதிவு பற்றிய சண்டை நீதிமன்றத்தில் ஏறி இறங்கியது. விவசாயியின் 39ஆம் பிரிவு அப்படியே இருக்கிறது.

இது பிடிக்காதவர்கள் வெளியே நிறைய. யூபோவ் என்று பயிர் ரகங்களுக்கான ஒரு சர்வதேச உடன்படிக்கை உண்டு. அதன் 1991 வடிவத்தில் விதை சேமிப்பது விவசாயியின் உரிமையாக இல்லை. நாடு விரும்பினால் வரம்போடு கொடுக்கக்கூடிய விலக்கு. இந்தியா அதில் சேரவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் நம்மோடு பேச்சுவார்த்தைக்குக் கொண்டுவந்த வரைவில் யூபோவ் இருந்தது. அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி ஆண்டுதோறும் வெளியிடும் 'சிறப்பு 301' அறிக்கையில் அறிவுசார் சொத்துப் பாதுகாப்பு போதாத நாடுகளின் முன்னுரிமைக் கண்காணிப்புப் பட்டியலில் இந்தியா நெடுங்காலமாக இருக்கிறது. அந்தப் பட்டியலில் சீனாவும் உண்டு. நம்மையும் சீனாவையும் ஒரே வரியில் நிறுத்தும் இடங்களில் இதுவும் ஒன்று.

என் வாடிக்கையாளர்களுக்கு 39ஆம் பிரிவில் இன்னொரு துண்டும் உதவும். பதிவு பெற்ற ரகத்தின் விதை, சொன்ன நிலைமையில் சொன்ன விளைச்சலைத் தராவிட்டால் விவசாயி ஆணையத்தில் நஷ்டஈடு கேட்கலாம். அதற்குப் பில்லும், குவியல் எண் அச்சிட்ட பையின் அட்டையும் வேண்டும். பில் வேண்டாம் என்று சொல்லி வாங்கிப் போகிறவர்கள் 10 ரூபாய் மிச்சம் பிடிக்கிறார்கள், உரிமையைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள்.

மலையில் இருக்கும் சொத்து

சட்டம் சேமிக்கலாம் என்கிறது. ஒட்டுச் சோளமோ சேமிக்க விடாது. அப்படியானால் அந்த உரிமை யாருக்கு உதவும்? சேமித்தால் முளைக்கும் விதை வைத்திருப்பவர்களுக்கு. அவர்கள் கல்வராயன் மலையில் இருக்கிறார்கள்.

வெள்ளிமலைப் பக்கம் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் தினையும் விதைத்து வருவது எத்தனை தலைமுறை என்று அவர்களுக்கே கணக்கில்லை. சாமை தன் மகரந்தத்தைத் தானே வாங்கிக்கொள்ளும் பயிர். இந்த வருட விதை அடுத்த வருடமும் அதே மாதிரி வரும். அந்த விதைக்கு யாரும் என் கடைக்கு வருவதில்லை. வீட்டிலிருந்து வீட்டுக்குப் படியில் அளந்து போகிறது. ஆனால் மரவள்ளியும் மக்காச்சோளமும் காசு தருகின்றன என்று சாமைக் கொல்லைகள் குறைகின்றன. நான் விற்கிற விதையும் அதற்கு ஒரு காரணம்தான்.

அறிவுச் சொத்து என்றாலே கம்பெனிக்காரர் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. பக்கத்துச் சேலத்து ஜவ்வரிசிக்கும் இருக்கிறது. இரண்டும் ஊர்க்காரர்கள் சேர்ந்து எடுத்த சொத்துரிமை. எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மஞ்சள் இருக்கிறது. மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பதைக் 'கண்டுபிடித்ததற்காக' 1995 மார்ச்சில் அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் இருவருக்குக் காப்புரிமை கிடைத்தது. நம் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களையும் ஆய்விதழ்களையும் ஆதாரமாகக் காட்டி எதிர்த்தது, 1997இல் ரத்தானது. எழுதி வைத்திருந்ததால் ஜெயித்தோம். சாமை விதைத்த கிழவிக்குத் தெரிந்தது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அதை எழுதிவைக்க 2001 சட்டத்திலேயே இடம் இருக்கிறது. விவசாயிகள் வழிவழியாகக் காத்த ரகத்தை 'விவசாயி ரகம்' என்று டெல்லியில் உள்ள ஆணையத்தில் பதியலாம். தனி ஆளாகவும் பதியலாம், ஊராகவும் பதியலாம். விவசாயிக்குக் கட்டணம் இல்லை. யாராவது அந்த ரகத்தை வைத்துப் புதிய ரகம் உருவாக்கி விற்றால் பங்கு கேட்கும் உரிமையும் உண்டு. மரபு வளத்தைப் பயன்படுத்திக் காப்புரிமை கேட்பவர் அது எங்கிருந்து வந்தது என்று சொல்லியாக வேண்டும் என்று 2024 மே மாதம் ஜெனீவாவில் ஓர் உலக உடன்படிக்கையும் எழுதப்பட்டிருக்கிறது. எங்கிருந்து என்று சொல்ல, முதலில் நம் பக்கத்தில் ஒரு பதிவு வேண்டும்.

அரசிடம் நான் கேட்பது இரண்டு. மலைக்குப் போகும் வேளாண் அலுவலர்கள் மானிய விதையோடு அந்தப் பதிவுப் படிவத்தையும் எடுத்துப் போகட்டும். சிறுதானியத்துக்கென்றே அடுத்த மாவட்டத்து அத்தியந்தலில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மையம் இருக்கிறது, உதவ ஆள் உண்டு. இரண்டாவது, கோ.எச்.எம்.6 மாதிரியான பல்கலைக்கழக ஒட்டு ரகங்களை ஆடிக்குள் கடைக்கு வந்துசேரும் அளவுக்கு உற்பத்தி செய்யட்டும். அவற்றின் அப்பா அம்மா வழிகள் கோயம்புத்தூரில் இருக்கின்றன, அவை நம்முடையவை. அலமாரியில் அதற்கு ஒரு தட்டு நிரம்பினால், மேல் தட்டுக்காரர்கள் விலை சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசிப்பார்கள்.

வர்த்தகப் பேச்சு நடக்கும்போதெல்லாம் வரி எத்தனை சதவீதம் என்றுதான் தொலைக்காட்சி சொல்கிறது. வரி ஏறும், இறங்கும். அடுத்த அதிபர் மாற்றுவார். ஒப்பந்தத்தில் விதைச் சட்டத்தைத் திருத்துவதாக ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டால் அது இறங்காது. அதனால் அடுத்த முறை ஒப்பந்தம் கையெழுத்தானது என்று செய்தி வந்தால், வரி எவ்வளவு என்று கேட்டுவிட்டு நிறுத்தாமல் 39ஆம் பிரிவு இருக்கிறதா என்றும் உங்கள் தொகுதி எம்.பி.யிடம் கேளுங்கள்.